ஹெப்டன்ஸ்டால் ஏன் மலைமேல் இருக்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: இங்கிலாந்தின் மலையுச்சிக் கிராமங்கள் படத்தில் பார்க்க அழகாக இருக்கின்றன. ஆனால் கீழே பள்ளத்தாக்கும் ஆறும் இருக்கும்போது, காற்றும் மழையும் ஓயாத உச்சியில் போய் எதற்காக ஊரைக் கட்டினார்கள்? என்ன செய்து பிழைத்தார்கள்? இன்று அங்கே உண்மையிலேயே ஆட்கள் வாழ்கிறார்களா, இல்லை எல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சிதானா?

பொதுவாகப் பதில் சொல்லப் புகுந்தால் ஒன்றும் விளங்காது. ஒவ்வோர் ஊருக்கும் காரணம் வேறு. அதனால் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது மேற்கு யார்க்‌ஷயரில் கால்டர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 260 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹெப்டன்ஸ்டால். அந்த ஊரின் வரலாற்றை இரண்டு வரியில் சொல்லிவிடலாம்: துணி நெய்து மேலே வாழ்ந்தது, ஆலைகள் கீழே வந்ததும் தோற்றது. இன்று நாம் ரசிக்கும் அழகு முழுவதும் அந்தத் தோல்வியில் தப்பிப் பிழைத்ததுதான்.

முதலில் இடம். ஹெப்டன் ஓடையும் கோல்டன் ஓடையும் இரண்டு பக்கமும் ஆழமாக வெட்டிக்கொண்டு இறங்க, நடுவே மூக்குபோல் நீண்டிருக்கும் மலைமுகட்டில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளைச் சமவெளி என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அடிப்பகுதி மிகக் குறுகல். அந்தக் காலத்தில் அது சதுப்பும் அடர்ந்த காடுமாக இருந்தது. குளிர்காலத்தில் சூரியன் சில மணி நேரமே எட்டிப் பார்க்கும். மழை பெய்தால் ஆறு கரை புரண்டு வரும். அங்கிருந்து செங்குத்தான சரிவு. அதைத் தாண்டி 200 முதல் 300 மீட்டர் உயரத்தில் மலை சற்றே படுத்து, படிக்கட்டின் அகலப் படி மாதிரி ஒரு தளம் கிடைக்கிறது. அதற்கும் மேலே போனால், செடிகள் மக்கிக் கறுத்த ஈரமண் படிந்த, மரமே இல்லாத வெட்டவெளி. மனிதன் வீடு கட்டி, மாடு கட்டி, கொஞ்சம் பயிர் வைக்கத் தோதான இடம் நடுவில் இருந்த அந்தத் தளம் மட்டும்தான். ஊர்கள் அங்கே அமைந்தன. அவற்றை இணைக்கும் பாதையும் அதே உயரத்தில் ஓடியது. பொதி குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கக் கற்பலகை பாவிய ஒற்றையடிப் பாதைகள் அவை. லங்காஷயர் பக்கத்துப் பர்ன்லிக்குப் போகும் பழைய வழியும் ஹெப்டன்ஸ்டாலைத் தொட்டுத்தான் போனது. இன்று கீழே ரயிலும் நெடுஞ்சாலையும் இருப்பதால் ஹெப்டன்ஸ்டால் ஒதுக்குப்புறமாகத் தெரிகிறது. 16ஆம் நூற்றாண்டில் அது வழிமேல் இருந்த ஊர். ஒதுங்கிக் கிடந்தது பள்ளத்தாக்குதான்.

அடுத்து, பிழைப்பு. அந்த மண்ணில் கோதுமை விளையாது. ஓட்ஸ் மட்டும் ஏதோ விளையும். ஓட்ஸ் மாவைக் கரைத்துக் கல்லில் ஊற்றி மெல்லிய ரொட்டியாகச் சுட்டு, கூரையிலிருந்து தொங்கும் கயிற்றுச் சட்டத்தில் காயப்போட்டு வைத்துக்கொள்வார்கள். குளிர்காலம் முழுக்க அதுதான் உணவு. விவசாயம் மட்டும் வயிற்றைக் கழுவப் போதாததால் வீட்டுக்கு வீடு தறி வந்தது. கம்பளி நூலில் நெய்த கெர்ஸி என்ற முரட்டுத் துணிதான் இந்த வட்டாரத்தின் சரக்கு.

இதற்கு ஓர் அருமையான ஆவணம் இருக்கிறது. 1555இல் நாடாளுமன்றம், ஹெப்டன்ஸ்டாலும் அடங்கிய ஹாலிஃபாக்ஸ் பகுதிக்கென்றே ஒரு சட்டம் போட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, கம்பளியை வாங்கி விற்கும் இடைத்தரகர்களைத் தடை செய்து ஒரு சட்டம் வந்திருந்தது. பெரிய வியாபாரிகளுக்கு அதனால் நட்டமில்லை. அவர்கள் நேராக ஆட்டுக்காரர்களிடம் மொத்தமாக வாங்கிவிடுவார்கள். இந்த மலைநாட்டு ஏழை நெசவாளிக்கு அப்படி வாங்க முதலும் இல்லை, ஏற்றிவரக் குதிரையும் இல்லை. அவன் சந்தைக்கு நடந்து போய், கையிலிருக்கும் காசுக்கு ஒரு கல், இரண்டு கல் எடை (‘ஸ்டோன்’ என்ற இங்கிலாந்து அளவு; ஒரு கல் ஏறத்தாழ ஆறு கிலோ) கம்பளி வாங்கி, மூன்று முதல் ஆறு மைல் தூரம் தலையிலும் முதுகிலும் சுமந்து வீடு வந்து சேர்வான் என்று அந்தச் சட்டத்தின் முன்னுரையே விவரிக்கிறது. மண் வறண்டது, மக்கள் துணியை நம்பியே வாழ்கிறார்கள், தரகரைத் தடுத்தால் பட்டினி கிடப்பார்கள் என்று சொல்லி, ஹாலிஃபாக்ஸ் வட்டாரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தது. அரசாங்கத்தின் தாளில் ஒரு நெசவாளியின் தலைச்சுமை பதிவாகியிருக்கிறது. இந்த ஊரைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒரு வீட்டின் வாரம் எப்படி இருந்திருக்கும்? சிறுவர்கள் கம்பளியைச் சீவிச் சிக்கெடுத்தார்கள். பெண்கள் ராட்டையில் நூற்றார்கள். ஒரு தறி நிற்காமல் ஓடவேண்டுமென்றால் நூற்பவர்கள் நான்கைந்து பேராவது தேவை. வீட்டுப் பெண்கள் போதாமல் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் நூற்பு வேலை போகும். தறி மாடியில் இருக்கும், அதற்கு வெளிச்சம் வேண்டும். அதனால்தான் இந்த ஊர் வீடுகளின் மேல்தளத்தில், நடுவே கல்தூண் வைத்துப் பிரித்த சின்னச் சின்னச் சன்னல்கள் ஏழு, எட்டு என்று வரிசையாக நிற்கின்றன. கீழ்த்தளத்தில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். வீட்டு முகப்பைப் பார்த்தே தறி எங்கே இருந்தது என்று சொல்லிவிடலாம்.

நெய்து முடித்த துணி அப்படியே உடுத்தக் கூடியதல்ல. எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் போக, புளித்த சிறுநீரில் ஊறவைப்பார்கள். அதற்காக வீடுகளிலிருந்து சிறுநீரைத் தொட்டியில் சேர்த்து வைப்பது சாதாரண வழக்கம். பிறகு துணியைச் சுமந்து பள்ளத்தாக்குக்கு இறங்கி, ஓடைநீரால் ஓடும் மர உலக்கைகளில் இடிக்கக் கொடுப்பார்கள். அடிபட அடிபட இழைகள் ஒன்றோடொன்று பின்னி, துணி சுருங்கித் தடிக்கும். நனைந்த கம்பளித் துணி என்ன கனம் கனக்கும்! அதை மறுபடி மேலே தூக்கிவந்து, வயலில் நட்ட நீளச் சட்டங்களில் கொக்கி மாட்டி இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள்.

இரவும் பகலும் வெட்டவெளியில் கிடக்கும் துணியை யாராவது திருடினால் ஒரு குடும்பத்தின் வாரச் சம்பாத்தியம் போயிற்று. அதனால் தண்டனையும் கொடூரமாக இருந்தது. 13½ பென்ஸ் மதிப்புள்ள பொருளைத் திருடியவன் என்று தீர்ப்பானால் ஹாலிஃபாக்ஸில் தலையை வெட்டினார்கள். அதற்கென்றே மரச்சட்டத்தில் கோடரிக் கத்தியைத் தொங்கவிட்ட ஒரு பொறி இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் கில்லட்டினுக்கு மிக முந்தியது அது. கடைசியாக அது பயன்பட்டது 1650இல்.

துணி விற்க ஹெப்டன்ஸ்டாலிலேயே ஒரு மண்டபம் எழுந்தது. ஹாலிஃபாக்ஸ் அருகே ஷிப்டன் ஹாலில் வசித்த வாட்டர்ஹவுஸ் குடும்பத்தார் 1545க்கும் 1558க்கும் இடையில் கட்டிய துணி மண்டபம் அது. யார்க்‌ஷயரிலேயே மிகப் பழையது என்கிறார்கள். இத்தனை சிறிய ஊரில் அப்படி ஒரு சந்தை மண்டபம் இருந்ததிலிருந்தே அன்றைய அதன் அந்தஸ்தைப் புரிந்துகொள்ளலாம். பிற்காலத்தில் மேலே ஒரு மாடி ஏற்றி வீடாக்கிவிட்டார்கள். தெரியாதவர்கள் அதைக் கவனிக்காமலே கடந்து போவார்கள்.

மலைமேல் இருப்பதால் போரில் சாதகம் உண்டா என்றால், ஒரே ஒருமுறை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் அரசனுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது இந்த நெசவு ஊர்கள் பெரும்பாலும் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றன. கர்னல் பிராட்ஷா தலைமையில் ஒரு படை ஹெப்டன்ஸ்டாலில் தங்கியிருந்தது. 1643 நவம்பர் 1ஆம் தேதி விடியுமுன், சர் ஃபிரான்சிஸ் மாக்வொர்த்தின் அரச படை ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்து, பட்ரஸ் என்ற செங்குத்துப் பாதை வழியாக மேலேறியது. நல்ல மழை. மேலே இருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். ஏறியவர்கள் சிதறி ஓட, கீழே ஹெப்டன் ஓடை பெருக்கெடுத்து நின்றது. பலர் அதில் போனார்கள். ஆனால் வெற்றி நிலைக்கவில்லை. 1644 ஜனவரியில் அரச படை பலம் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. காவல் படை பர்ன்லிப் பக்கம் பின்வாங்க, அரச படையினர் ஊருக்குத் தீ வைத்தார்கள். உயரம் காப்பாற்றும் என்பது ஓரளவுக்குத்தான்.

கோயில் விஷயத்துக்கு வருகிறேன். ஹாலிஃபாக்ஸ் அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் மிகப் பெரிய திருச்சபைப் பங்குகளில், அதாவது ஒரே ஆலயத்தின் கீழ் வரும் வட்டாரங்களில், ஒன்று. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் பிணத்தைப் புதைக்கவும் மலைப்பாதையில் ஏழெட்டு மைல் போய்வர முடியாது. அதனால் 1260 வாக்கிலேயே ஹெப்டன்ஸ்டாலில் தாமஸ் பெக்கெட் பெயரில் ஓர் ஆலயம் எழுந்தது. 1847இல் ஒரு புயல் அதன் கோபுரத்தைச் சேதப்படுத்தியது. பழுதுபார்ப்பதற்குப் பதிலாக, அதே கல்லறைத் தோட்டத்துக்குள் சில அடி தள்ளிப் புது ஆலயம் கட்டி 1854இல் முடித்தார்கள். அது இன்னொரு தாமஸின் பெயரில், அப்போஸ்தலர் தாமஸின் பெயரில், இருக்கிறது. பழையதை இடிக்கவில்லை. கூரையில்லாமல் தூண்களும் வளைவுகளுமாக அது இன்னும் நிற்கிறது. ஒரே மதிலுக்குள் இரண்டு ஆலயங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்குப் பழைய ஆலயம் பிடிக்கவே இல்லை. தான் அறிந்தவற்றிலேயே அவலட்சணமானது அது என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இடிந்து நிற்கும் இன்றைய கோலத்தில் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

வெஸ்லியின் ஆட்களுக்கும் இங்கே ஒரு கூடம் உண்டு. 1764இல் கட்டிய எண்கோண வடிவ ஆலயம் அது. அதன் கூரையை ரோதர்ஹாமில் செய்து, பகுதி பகுதியாகப் பிரித்து, பொதி குதிரைகளில் ஏற்றி மலைகளைத் தாண்டிக் கொண்டுவந்து பொருத்தினார்கள் என்று சொல்வார்கள். கூட்டம் பெருகியதால் பிற்காலத்தில் ஒரு பக்கத்தை நீட்டினார்கள். எண்கோணம் கொஞ்சம் நீண்டுவிட்டது. உலகில் தொடர்ந்து வழிபாடு நடக்கும் மிகப் பழைய மெதடிஸ்ட் ஆலயங்களில் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள். நாள் முழுதும் தறியில் குனிந்திருந்தவர்களுக்கு, உரத்துப் பாடவும், தாங்களே எழுந்து பேசவும் இடம் தந்த மதம் ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்று ஊகிப்பது கடினமல்ல.

கல்லறைத் தோட்டத்தில் நடப்பது வித்தியாசமான அனுபவம். கற்களை நட்டுவைக்காமல் பெரும்பாலும் தரையில் படுக்கவைத்திருக்கிறார்கள். நடக்கும்போது காலடியில் முழுக்க முழுக்கப் பெயர்கள். பல நூற்றாண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே புதைக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். இடம் போதாமல் ஒரே கல்லைத் திருப்பிப்போட்டு மறுபக்கம் வேறு குடும்பத்தின் பெயரைச் செதுக்கியதும் உண்டு.

அங்கே எல்லோரும் தேடிப்போகும் கல் டேவிட் ஹார்ட்லியுடையது. பக்கத்துக் கிராக் வேலைச் சேர்ந்த கள்ள நாணயக்காரர்களின் தலைவன் அவன். ‘அரசன் டேவிட்’ என்றே அவனை அழைத்தார்கள். 1760களின் பிற்பகுதியில் துணி வியாபாரம் படுத்திருந்தது. நாட்டில் நல்ல நாணயத்துக்கும் தட்டுப்பாடு. போர்ச்சுகல் தங்கக் காசுகளும் புழக்கத்தில் இருந்தன. ஹார்ட்லி கூட்டத்தார் தங்க நாணயத்தின் விளிம்பைக் கத்தரித்து, அரத்தால் மறுபடி வரிகள் போட்டுப் புழக்கத்தில் விட்டுவிடுவார்கள். சேர்ந்த துணுக்குகளை உருக்கிப் போர்ச்சுகல் காசு போலவே புதிதாக அடிப்பார்கள். நாணயத்தைக் கொடுத்துவைத்தவர்களுக்கும் லாபத்தில் பங்கு உண்டு. அதனால் பள்ளத்தாக்கு முழுவதும் வாயைத் திறக்கவில்லை. வில்லியம் டீட்டன் என்ற வரி அதிகாரி விடாமல் துப்புத் துலக்கி ஹார்ட்லியைப் பிடித்தார். 1769 நவம்பரில் அந்த அதிகாரியை ஹாலிஃபாக்ஸில் சுட்டுக் கொன்றார்கள். 1770 ஏப்ரல் 28ஆம் தேதி யார்க்கில் ஹார்ட்லியைத் தூக்கிலிட்டார்கள். உடலை ஹெப்டன்ஸ்டாலுக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். இன்றும் அவன் கல்லின்மேல் யாராவது சில்லறை வைத்துவிட்டுப் போகிறார்கள். அவனை ஏழைகளின் வீரன் ஆக்கும் பேச்சுகளில் எனக்கு உடன்பாடில்லை. சுட்டுக் கொல்லப்பட்ட டீட்டன் தன் கடமையைச் செய்தவர். ஆனால் அவ்வளவு பேர் ஏன் சேர்ந்து மறைத்தார்கள் என்பதற்கு, தறி நின்றுபோன வீட்டின் பசியைத் தவிர வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

தோட்டத்துக்கு அப்பால், புதிய பகுதியில், அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத்தின் கல்லறை இருக்கிறது. 1963 பிப்ரவரியில் லண்டனில் முப்பது வயதில் இறந்தவர். அவருடைய கணவரான ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸின் பெற்றோர் இந்த வட்டாரத்தில் குடியிருந்ததால் இங்கே அடக்கம் செய்தார்கள். அவர் மரணத்துக்குக் கணவரைக் குறை சொல்லும் சிலர், கல்லில் இருக்கும் ‘ஹியூஸ்’ என்ற குடும்பப் பெயரைப் பலமுறை செதுக்கி எடுத்திருக்கிறார்கள். வாசகர்கள் பேனாக்களை மண்ணில் குத்திவைத்துவிட்டுப் போகிறார்கள். கல்லில் நெருப்பின் நடுவே பொற்றாமரை நடுவதைப் பற்றிய ஒரு வரி இருக்கிறது. கீதை வாசகம் என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அது ஒரு பழைய சீன நாவலிலிருந்து வந்தது.

இனி, ஊர் தோற்ற கதை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூற்பு இயந்திரங்கள் வந்தன. அவற்றை ஓட்ட ஓடைநீர் வேண்டும். ஓடை கீழேதான் ஓடுகிறது. ஹார்ட்காஸில் கிராக்ஸ் பள்ளத்தாக்கில் 1800 வாக்கில் எழுந்த கிப்சன் பருத்தி ஆலை அந்த வகையைச் சேர்ந்தது. கால்வாய் வந்தது, பிறகு 1840 - 41இல் மான்செஸ்டர் - லீட்ஸ் ரயில் பாதை வந்தது. நிலக்கரி கீழே வந்து இறங்க, நீராவி ஆலைகளும் கீழே எழுந்தன. பாலத்தடியில் சில வீடுகளாக இருந்த ஹெப்டன் பிரிட்ஜ், தடித்த பருத்தித் துணிக்கும் கால்சட்டைக்கும் பேர்போன நகரமாயிற்று. மேலே கைத்தறிக்காரனுக்குக் கூலி ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. 1842இல் கூலி குறைப்பை எதிர்த்து ஊர் ஊராக ஊர்வலம் போய் ஆலைக் கொதிகலன்களின் அடைப்பைப் பிடுங்கி நிறுத்திய தொழிலாளர்களின் கூட்டம் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகவும் போனது. அதெல்லாம் காலத்தை நிறுத்தவில்லை. இளைஞர்கள் பட்ரஸ் வழியே இறங்கி ஆலைக்குப் போனார்கள். 1642இல் தொடங்கிய இலக்கணப் பள்ளியும் 1889இல் மூடப்பட்டது. அந்தக் கட்டடம் பிறகு வங்கியாக இருந்து, அதன்பின் அருங்காட்சியகமாயிற்று.

பணம் இல்லாத ஊரில் யாரும் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவதில்லை. ரயில் நிலையத்துக்கோ அகலச் சாலைக்கோ இடம் கேட்டு யாரும் வருவதுமில்லை. ஆலைப் புகையில் கல்சுவர்கள் மட்டும் கறுத்தன. வேறு எதுவும் மாறவில்லை. 16, 17ஆம் நூற்றாண்டு நெசவாளர் வீடுகள் இவ்வளவு எண்ணிக்கையில் ஒரே இடத்தில் தப்பியதற்கு யாரும் திட்டமிட்டுச் செய்த பாதுகாப்புக் காரணமல்ல. பாதுகாப்புச் சட்டங்கள் எல்லாம் பின்னால் வந்தவை.

இப்போது அங்கே வாழ்கிறார்களா என்றால், நிச்சயமாக வாழ்கிறார்கள். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 1,500 பேர். தொடக்கப் பள்ளி நடக்கிறது; மதுவகங்கள் இருக்கின்றன; ஹெப்டன் பிரிட்ஜிலிருந்து சிற்றுந்து மூச்சிரைக்க ஏறி வருகிறது. தறி எங்கும் இல்லை. 1970களில் ஆலைகள் மூடி வீடுகள் காலியாகக் கிடந்த காலத்தில் ஓவியர்களும் எழுதுபவர்களும் இந்தப் பள்ளத்தாக்குக்குக் குடிவந்தார்கள். அதன்பிறகு லீட்ஸ், மான்செஸ்டரில் வேலை பார்ப்பவர்களும் வந்தார்கள். வீட்டு விலை ஏறிவிட்டதால் உள்ளூர்ப் பிள்ளைகள் அங்கேயே வீடு வாங்குவது சிரமம். இது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம்.

ஊரின் உயிரைப் பார்க்க வேண்டுமென்றால் புனித வெள்ளியன்று போங்கள். நெசவாளர் சதுக்கத்தில் பேஸ் எக் என்ற ஈஸ்டர் கால நாட்டார் கூத்து நடக்கும். நின்றுபோயிருந்த அதை 1970களின் இறுதியில் உயிர்ப்பித்தார்கள். வண்ண உடை அணிந்து, வாள் ஏந்திக்கொண்டு புனித ஜார்ஜ் ஒவ்வொரு எதிரியாக வீழ்த்துவார். விழுந்தவனை எழுப்ப ஒரு வைத்தியர் வருவார். எந்த நோயையும் தீர்ப்பேன் என்று எதுகை மோனையோடு பெருமையடித்துவிட்டு, குப்பியிலிருந்து ஒரு சொட்டு ஊற்றுவார். செத்தவன் எழுந்து நிற்பான். டாஸ் பாட் என்ற கோமாளி வைக்கோல் வாலை ஆட்டிக்கொண்டு கூடையில் காசு தண்டுவான். நடிப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். கூட்டம் சதுக்கத்தில் கொள்ளாமல் கல்லறை மதில்மேல் ஏறி நிற்கும். மழை பெய்தாலும் நிறுத்துவதில்லை.

அந்த மழைதான் இன்றைய பெரிய பிரச்சினையும். 2015 டிசம்பர் 26 அன்று ஹெப்டன் பிரிட்ஜும் மிதோம்ராய்டும் மூழ்கின. மேலே இருக்கும் ஹெப்டன்ஸ்டாலுக்கு வெள்ள பயமில்லை. ஆனால் மேலே விழும் தண்ணீர்தான் கீழே வெள்ளமாகிறது. அதனால் ஹார்ட்காஸில் கிராக்ஸ் காட்டில் தன்னார்வலர்கள் சிற்றோடைகளின் குறுக்கே மரக்கட்டைகளை அடுக்கி, தண்ணீர் கசிந்து மெதுவாக இறங்கும்படி சிறு தடுப்புகளைக் கட்டி வருகிறார்கள்.

போக நினைத்தால், ஹெப்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். காரை மேலே கொண்டுபோகாதீர்கள். கல் பாவிய அந்தத் தெரு பொதி குதிரைக்காக அமைந்தது, வண்டி நிறுத்த இடமே இருக்காது. முழங்கால் ஒத்துழைத்தால் பட்ரஸ் வழியாக நடந்தே ஏறுங்கள். ஈரத்தில் வழுக்கும், நல்ல காலணி வேண்டும். முடியாதவர்களுக்குச் சிற்றுந்து இருக்கிறது. வீடுகளின் சன்னல்களைப் படம் எடுக்கலாம். உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம், ஆட்கள் குடியிருக்கிறார்கள்.